உழைக்கும் கருவும் உறங்கும் கருவும்

ஓர் உயிரணுவுக்கு ஓர் உட்கரு என்பதுதான் பொது வழக்கு. ஆனால் இயற்கை எந்த வழக்கையும் பிடிவாதமாகக் காப்பாற்றுவதில்லை. நம் ஈரலிலேயே இரட்டை உட்கரு கொண்ட அணுக்கள் ஏராளம். எலியின் இதயத் தசையிலோ அவைதாம் பெரும்பான்மை. அங்கெல்லாம் இரண்டுக்கும் பேதமில்லை. ஆகையால் கதையும் இல்லை.

கதை இருப்பது குட்டைத் தண்ணீரில் திரியும் பாரமீசியத்தில். சுமார் கால் மில்லிமீட்டர் நீளம், செருப்பின் அடியைப் போன்ற உருவம், உடலெங்கும் துடிக்கும் மயிரிழைகள். ஒரே அணுவாலான அந்த ஜீவனுக்குள் பெரிய கரு ஒன்று, சிறிய கரு ஒன்று. நீந்துவது, உண்பது, செரிப்பது எல்லாம் பெரியதன் ஆணைப்படி நடக்கின்றன. சிறியது சும்மா இருக்கிறது. இரண்டாகப் பிளந்து பெருகும் சாதாரண நாட்களில் இரண்டுக்குமே பங்கு உண்டு. ஆனால் இரண்டு பாரமீசியங்கள் கூடும்போது, அவை பரிமாறிக்கொள்வது சிறியதிலிருந்து பிறந்த கருக்களைத்தான். பிறகு புதிய பெரிய கருவும் சிறியதன் வழியிலேயே உண்டாகிறது. பழைய பெரிய கரு துண்டு துண்டாக உடைந்துபோகிறது.

உழைத்தவனுக்கு அழிவு, உறங்கியவனுக்கு வம்சம்! இயற்கையே அப்படியென்றால் உலகமும் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்ல ஆட்கள் உண்டு. குட்டையில் நடப்பதை மனிதனுக்குச் சட்டமாக்கும் அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. 1892-ல் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் நம்மையும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தார்: தலைமுறைகளைக் கடந்து செல்லும் வித்து ஒன்று, ஒரு தலைமுறையோடு மடியும் உடல் ஒன்று. அப்படியானால் பிள்ளையில்லாதவர் வாழ்ந்ததெல்லாம் என்ன கணக்கில் சேரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டே நம் வீடுகளில் எத்தனை பெண்களை அழ வைத்திருக்கிறோம்!

பாரமீசியத்தின் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது வெளிப்பட்டது. புதிய பெரிய கரு உருவாகும்போது, சிறியதிடமிருந்து வந்த மரபுப் பொருளில் சில பகுதிகள் வெட்டி எறியப்படுகின்றன. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதில் சாகப்போகும் பழைய கருவின் சொல்லும் எடுபடுகிறது. அதனிடம் இல்லாத சில பகுதிகள் புதியதிலிருந்தும் நீக்கப்படுகின்றன. வாரிசு அதன் வித்தில் வந்ததல்ல. ஆனாலும் அதன் வாழ்க்கை வாரிசுக்குள் இறங்கியிருக்கிறது.

உடைந்த துண்டுகளும் உடனே கரைந்துவிடுவதில்லை. புதிய கரு பொறுப்பேற்கும் வரையில், அந்தத் துண்டுகளே அணுவின் அன்றாட வேலைகளைக் கவனித்துக்கொள்கின்றன.