கடனா, அன்பா?

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் சந்தொன்றில், பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த தாய் ஒருவரை அவருடைய ஒரே மகள் பேணி வருகிறாள். அவளுக்கு அகவை இருபத்து நான்கு. விடியுமுன் தாயைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி புகட்டிய பின்னரே தையற்கடைக்குப் புறப்படுவாள். ஒருநாள் மாலை, "உன்னைப் பெற்று வளர்த்ததற்கு இதுதானா பலன்?" என்னும் தாயின் குரலும், "எனக்கென்று ஒரு வாழ்வு இல்லையா அம்மா?" என்னும் மகளின் குரலும் அவ்வீட்டினின்று எழுந்தன. தெருவார் மகளையே பழித்தனர். நானும் மறுத்துரைத்தேன் அல்லேன். அப்பழி முறைதானா என்னும் வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

முதலில் சட்டத்தை நோக்குவோம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைப் பேணும் பொறுப்பை மகனோடு மகளுக்கும் வைத்தது. மணமான மகளும் பெற்றோரைக் காக்கும் கடமையினின்று நீங்கியவள் அல்லள் என 1987இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் அளக்க வல்லது சோற்றையும் பணத்தையுமே. முகமலர்ச்சியை எந்த நீதிமன்றமும் ஆணையிட்டுப் பெற்றுத்தர இயலாது.

அறநூல் யாது கூறும்? வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாக வகுத்தார். அது உதவி பெற்றவரின் நெஞ்சோடு பேசுகிறதேயன்றி, செய்தவர் கையில் கடன்சீட்டைக் கொடுக்கவில்லை. கேட்டுப் பெறும் நன்றி கடனாகிறது. கேளாமல் வருவதே அன்பாகிறது.

ஆயினும் தாயைக் குறைகூறுதலும் தகாது. நேற்றுவரை ஊட்டிய கை இன்று பிறர் கையை எதிர்பார்க்கிறது. அந்த நாணமே சுடுசொல்லாகிறது. மகளின் சினமும் அன்பின்மையன்று, ஓய்வின்மை.

அவ்வோய்வைத் தருவார் யார்? நடுவண் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குக் குழந்தை வளர்ப்புக்கென 730 நாள் விடுப்பு உண்டு. பெற்றோரைப் பேணுவதற்கென்று அத்தகைய தனி விடுப்பு இல்லை. கோப்புகளிடையே காலங்கழிக்கும் எனக்கு இது நெடுநாளாக உறுத்தும் செய்தி. கேரள அரசு 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்தது. செவிலியர் வீடு தேடி வருகின்றனர். அவர்கள் சென்றபின் எஞ்சும் நாழிகைகள்? அவை அயலார்க்கு உரியவை. சுற்றத்தை ஊரில் விட்டு வந்த நமக்கு இங்கே அயலாரே சுற்றம் அல்லரோ?

அடுத்த ஞாயிறன்று என் மனைவி அத்தாயருகே இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தாள். மகள் கடற்கரை வரை சென்று மீண்டாள். அன்று அவ்வீட்டில் குரல் உயரவில்லை. ஒரு ஞாயிறு போதாது என்பதை அறிவேன். எனினும், பழிக்கும் உரிமை அச்சுமையை ஒரு மாலையேனும் பகிர்ந்தவர்க்கே உண்டு, பகிர்ந்தவரோ பழிக்கமாட்டார்.