மிஞ்சும் மூச்சு

நாணல் துண்டு ஒன்று தண்ணீரில் ஊறுகிறது. தென் பிரான்சின் வார் பகுதியில் விளைந்தது.

கத்தி. மெல்லிய சுரண்டல். மடியில் தூள்.

நுனியின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு இழுப்பு கூடினால் சீவாளி போயிற்று.

உதட்டில் வைத்து ஊதுகிறார். கரகரக்கிறது. இன்னும் இல்லை.

ஓபோ என்னும் குழலை ஊதும் கலைஞரின் வாழ்வில் பாதி இந்த மேசையில் கழிகிறது. கைதட்டல் இல்லாத பாதி.

நாதஸ்வரத்தில் உபரிச் சீவாளிகள் நூலில் தொங்கும். இங்கே சிறு பெட்டிக்குள் வரிசையாகக் கிடக்கின்றன. எது இன்றிரவுக்கு?

அரங்கு அடங்குகிறது. ஓபோ ஒரு சுரம் தருகிறது. ஏ, 440 ஹெர்ட்ஸ். வயலின்கள் அதனிடம் வந்து சேர்கின்றன.

பிறகு காத்திருப்பு. பிறர் வாசிக்க, எண்ணிக்கொண்டே இருத்தல்.

விசைக்கு அடியில் ஈரம். சிகரெட் தாளைச் செருகி ஒற்றி எடுக்கிறார். யாரும் பார்க்கவில்லை.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, முதல் பகுதி. அத்தனை முழக்கமும் சட்டென நிற்கிறது. ஓபோ மட்டும், தனியே, சில நொடிகள். மறுபடி முழக்கம்.

புல்லாங்குழலுக்கு மூச்சு போதாது. ஓபோவில் மூச்சு மிஞ்சுகிறது. சீவாளியின் வாய் அவ்வளவு குறுகல்.

பழையதை வெளியே விட வேண்டும். அப்புறம்தான் புதியது.

விடுவதற்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

1945. ஜெர்மனியில் கார்மிஷ். போர் முடிந்திருக்கிறது. ஜான் டி லான்சி படையுடையில் இருக்கிறார். போருக்கு முன் பிட்ஸ்பர்க் இசைக்குழுவின் முதல் ஓபோ.

எதிரே இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், முதியவர். ஓபோவுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதும் எண்ணம் உண்டா என்று கேட்கிறார் இளைஞர்.

இல்லை.

பேச்சு அங்கே நிற்கிறது.

அதே ஆண்டு ஸ்ட்ராஸ் எழுதுகிறார். செல்லோக்கள் லேசாக முணுமுணுக்கின்றன. ஓபோ நுழைகிறது. நுழைந்தபின் இளைப்பாற இடமே தராமல் போய்க்கொண்டே இருக்கிறது.

எழுதியவர் ஊதவேண்டியதில்லை.

1946, சூரிச். அரங்கேற்றம். வாசிப்பவர் வேறொருவர்.

அந்த ஆண்டே டி லான்சி ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவில் சேர்கிறார். முதல் நாற்காலியில் மார்செல் தபுத்தோ. 1915 முதல் அங்கேயே. தனக்குக் கற்றுத் தந்த ஆசிரியர்.

ஆசிரியருக்குப் பக்கத்தில் அமர்கிறார். தன் கேள்வியால் பிறந்த இசை வேறு ஊர்களில் ஒலிக்கிறது. உள்ளே என்ன ஓடுகிறதோ. ஒன்றும் ஓடாமலும் இருக்கலாம்.

1954. நாற்காலி காலியாகிறது. நகர்ந்து அமர்கிறார்.

1964. ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுடன் அந்தக் கான்செர்ட்டோவை வாசிக்கிறார்.

இசைக்குழுவை விட்டு வருவது 1977ல். கான்செர்ட்டோவை ஒலிப்பதிவு செய்வது 1987ல்.