பாவம் யார் கணக்கில்?

1245-ல் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் போப் நான்காம் இன்னசென்ட் ஒரு தடை விதித்தார். ஊர், மடம், கல்லூரி போன்ற அமைப்புகளை ஒட்டுமொத்தமாகச் சபையிலிருந்து விலக்கிவைக்கக் கூடாது. குற்றம் செய்தவன் எவனோ அவனை மட்டும் விலக்க வேண்டும். கூட்டத்தையே விலக்கினால் ஒரு பாவமும் அறியாதவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான் என்பது காரணம். இன்னசென்ட் அடிப்படையில் சட்ட அறிஞர். ஓர் அமைப்பை ‘நபர்’ என்று சொல்வது கற்பனையாக வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பது அவர் கருத்து. உடல் கிடையாது, ஆன்மாவும் கிடையாது.

ஆன்மா இல்லாத ஒருவரை நரகத்துக்கு அனுப்ப முடியாது. ஆனால் அந்த ஒருவர் கடன் வாங்குகிறார், நிலம் வாங்குகிறார், ஆற்றில் கழிவை விடுகிறார், பிரேக் சரியில்லாத வண்டியை விற்கிறார். பாவம் யார் கணக்கில் ஏறும்? மத அறிஞர்கள் விட்டுவிட்ட இந்தக் கேள்வி இன்று பெரிய கம்பெனிகளின் லீகல் டிபார்ட்மென்ட் வாசலில் வந்து நிற்கிறது. அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் வக்கீல்தான், ஆன்மா இல்லாத அந்த முதலாளிக்கு மனச்சாட்சியாகவும் இருக்க வேண்டும் என்று இப்போது எதிர்பார்க்கிறார்கள்.

முன்பு அப்படி யாரும் எதிர்பார்க்கவில்லை. லீகல் டிபார்ட்மென்ட் என்பது பெரும்பாலும் காரிடாரின் கடைசி அறை. வாடகை ஒப்பந்தம், லேபர் கோர்ட் வாய்தா, திரும்பி வந்த செக், வக்கீல் நோட்டீசுக்குப் பதில். பெரிய விவகாரம் வந்தால் வெளியிலிருந்து பெரிய வக்கீலைக் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவர் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். அமெரிக்காவில் இந்த நிலை மாறியதைப் பேசும்போது தவறாமல் வரும் பெயர் பென் ஹைன்மன். 1987-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஜெனரல் கவுன்சலாக, அதாவது சட்டத் துறைத் தலைவராகச் சேர்ந்த அவர், முன்னணி வக்கீல் நிறுவனங்களில் இருந்தவர்களையே உள்ளே இழுத்துவந்தார். வெளியே போய்க்கொண்டிருந்த வேலை உள்ளே வந்தது. அதோடு அதிகாரமும் வந்தது. தலைமை அதிகாரி முடிவெடுக்கும் அறையில் வக்கீலுக்கும் நாற்காலி போட்டார்கள். கம்பெனி வக்கீல் தொழிலில் கூட்டாளியாகவும் இருக்க வேண்டும், காவலனாகவும் இருக்க வேண்டும் என்று ஹைன்மன் பிற்பாடு புத்தகமே எழுதினார்.

கூட்டாளி, காவலன் என்று சேர்த்துச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டாளியே திருடினால் காவலன் என்ன செய்வான் என்பதுதான் சிக்கல்.

நம் பட்டிமன்ற மேடைகளுக்கு இது பழகிய தலைப்பு. செஞ்சோற்றுக் கடன் பெரிதா, அறம் பெரிதா? கும்பகர்ணன் அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவனுக்காகவே களத்தில் விழுந்தான். வீடணன் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை, எதிர்ப்பக்கம் போய்விட்டான். கைதட்டல் எப்போதும் கும்பகர்ணனுக்குத்தான். ஆனால் இந்த விவாதத்தில் யாரும் நின்று யோசிக்காத இடம் ஒன்று உண்டு: சோறு போட்டது இராவணனா, இலங்கையா? இலங்கை என்றால் வீடணன் எந்தக் கடனையும் மீறவில்லை.

அமெரிக்க வக்கீல் சங்கம் 1983-ல் வகுத்த மாதிரி நடத்தை விதி இந்தக் கேள்விக்குப் பளிச்சென்று பதில் சொல்கிறது. கம்பெனி வக்கீலின் கட்சிக்காரர் கம்பெனிதான். அதன் தலைவரோ மேனேஜரோ அல்ல. அவர்கள் கம்பெனியின் வாயாகப் பேசுகிறவர்கள், அவ்வளவே.

வாய் பேசாத நபருக்காக வேறொருவர் பேசுவது இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. இங்கே கோயில் மூர்த்தியும் சட்டப்படி ஒரு நபர். நிலம் சாமி பெயரில் இருக்கும், வழக்கும் சாமி பெயரில் நடக்கும், நிர்வாகம் மட்டும் தர்மகர்த்தா கையில். அந்த நிர்வாகியே சாமி சொத்துக்கு விரோதமாக நடந்தால் கும்பிட வருகிற பக்தர் ஒருவர் சாமி சார்பில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிர்வாகி வேறு, நபர் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பத்தூர் நடராஜர் வழக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியில் கிடைத்த வெண்கலச் சிலை, கை மாறி மாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கியது கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி. எதிர்த்தரப்பில் இடிந்து கிடந்த பத்தூர் விசுவநாத சுவாமி கோயில். இடிபாடு எப்படி வழக்காடும் என்ற கேள்வி எழுந்தது. இந்தியச் சட்டம் நபர் என்று ஏற்பதை இங்கிலாந்திலும் ஏற்கலாம் என்று 1991-ல் அந்நாட்டு அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது. நடராஜர் நாடு திரும்பினார். ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் கம்பெனி: வாய் பேசாத இரண்டு நபர்கள் மோதிய அந்த வழக்கில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். கோயிலுக்கு யாராவது ஒரு பக்தர் எப்போதும் கிடைப்பார். கம்பெனிக்கு?

அமெரிக்காவின் என்ரான் கம்பெனியில் அப்படி ஒருவர் இருக்கப் பார்த்தார். உள்வக்கீல்களில் ஒருவரான ஜோர்டன் மின்ட்ஸ், நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ தானே நடத்திய கூட்டு நிறுவனங்களோடு என்ரான் செய்த பேரங்களின் ஒப்புதல் தாள்களைப் புரட்டினார். தலைவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. 2001 மே மாதம் குறிப்பு அனுப்பினார், பதில் இல்லை. பிறகு சத்தமில்லாமல் ஒரு வெளி வக்கீல் நிறுவனத்திடம் கருத்துக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது. இவரைப் புனிதராக்கவும் முடியாது: வேறொரு பேரம் தொடர்பாக அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. 2007-ல் இவர் மீதே சிவில் வழக்குப் போட்டது. ஒரே மனிதர், ஒரு மேசையில் காவலன், இன்னொரு மேசையில் கூட்டாளி.

என்ரானுக்குப் பிறகு 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கம்பெனி வக்கீலுக்கு ஏணியைக் காட்டியது. பெரிய முறைகேட்டுக்கு ஆதாரம் கண்டால் மேலதிகாரியிடம் சொல். சரியான பதில் வராவிட்டால் டைரக்டர்கள் குழுவரை போ. எஸ்.இ.சி. முதலில் இன்னும் ஒரு படி வைத்திருந்தது. அங்கேயும் கேட்கவில்லை என்றால், ‘தொழில் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எஸ்.இ.சி.க்கே எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீல் வெளியேற வேண்டும். தமிழ் வாசகருக்கு இது விதுரன் கதை. வில்லிபுத்தூரார் பாரதத்தில், துரியோதனன் சபையில் அவமானப்பட்ட விதுரன் எதிரணிக்குப் போகவில்லை. எல்லோரும் பார்க்கத் தன் வில்லை முறித்துப் போட்டான். ரகசியம் எதையும் வெளியிடாமலே என்னமோ நடக்கிறது என்று ஊருக்குத் தெரிவிக்கும் வழி அது. வக்கீல் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2003-ல் விதி நடைமுறைக்கு வந்தபோது ஏணி இருந்தது, வில்லை முறிக்கும் படி இல்லை.

சம்பளக்காரனின் மனச்சாட்சியை நீதிமன்றங்கள் எவ்வளவு நம்புகின்றன என்பது இன்னொரு கதை. அக்ஸோ நோபெல் கம்பெனியின் இங்கிலாந்து அலுவலகத்தில் 2003-ல் ஐரோப்பிய ஆணையம் சோதனை போட்டபோது, மேனேஜருக்கும் உள்வக்கீலுக்கும் இடையிலான இமெயில்கள் சிக்கின. வக்கீலிடம் பேசியது ரகசியம் என்று கம்பெனி வாதிட்டது. அந்த வக்கீல் நெதர்லாந்து பாரில் பதிவானவர், சுதந்திரமாகச் செயல்பட விதிப்படி உறுதியும் பெற்றவர். இருந்தும் 2010 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கையை விரித்தது: முதலாளியின் சம்பளத்தை நம்பி வாழ்பவர், வெளி வக்கீலைப் போலச் சுதந்திரமானவர் ஆக முடியாது. இந்தியாவில் இந்தச் சந்தேகம் இன்னும் பழையது. முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதே திசையில்தான் போனது. கோர்ட்டில் ஆஜராகும் வக்கீலுக்குச் சாட்சியச் சட்டம் தரும் முழுப் பாதுகாப்பு உள்வக்கீலுக்குக் கிடையாது என்றது. 2013 கம்பெனிச் சட்டம் கம்பெனி செகரட்டரியை முக்கிய நிர்வாகிகள் பட்டியலில் வைத்திருக்கிறது; சட்டத் துறைத் தலைவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இதை உள்வக்கீல்கள் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். வருத்தம் நியாயமானதே. சம்பளம் வாங்காத வெளி வக்கீலுக்கும் அடுத்த ஃபீஸ் பற்றிய கவலை உண்டு. ஆனால் இந்த விதிகள், தீர்ப்புகள் எல்லாவற்றிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தவறு நடப்பது வக்கீலுக்குத் தெரியும், அதன் பிறகு பேசுவாரா மாட்டாரா என்பதே கேள்வி என்று. ஜெனரல் மோட்டார்ஸில் நடந்தது வேறு.

கம்பெனியின் சில கார்களில் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்தது. முழங்கால் இடித்தாலோ சாவிக்கொத்து கனத்தாலோ சாவி நழுவும், எஞ்சின் நிற்கும், மோதும்போது ஏர்பேக் விரியாது. 2006-ல் ஓர் இன்ஜினியர் சுவிட்சை மாற்ற ஒப்புதல் தந்தார், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. ஆகவே பழையதும் புதியதும் காகிதத்தில் ஒன்றே. ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் இறந்த 29 வயது செவிலியரின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பு நிபுணர் இரண்டு சுவிட்சுகளையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் உள்ளே இருந்த பாகத்தின் நீளம் வேறு என்று தெரிந்தது. கம்பெனி 2013 செப்டம்பரில் பணம் கொடுத்து வழக்கை முடித்தது. கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். பிறகு அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் 124.

முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் நடத்திய விசாரணையில் வில்லன் என்று யாரும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பழக்கம். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள், எழுந்து போனபின் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். அதற்கு உள்ளேயே ‘ஜி.எம். தலையாட்டல்’ என்று பெயர் இருந்தது. வக்கீல்களுக்குப் பிடிக்காது என்று நினைத்து, பாதுகாப்பு பற்றிய கூட்டங்களில் சிலர் குறிப்பே எடுப்பதில்லை. சட்டத் துறையில் வாரம் தவறாமல் கமிட்டி கூடும், விபத்து வழக்குகளை ஒவ்வொன்றாகப் பேசி முடிக்கும். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே ஒழுங்காக மூடப்பட்டது. ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் போனால்தான் செட்டில்மென்ட் ஜெனரல் கவுன்சல் மைக்கேல் மில்லிகின் மேசைக்கு வரும். சுவிட்ச் விவகாரம் தமக்குத் தெரிந்ததே 2014 பிப்ரவரியில்தான் என்றார் அவர். அது பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

இன்னசென்டின் நூற்றாண்டிலேயே வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தெரியாமல் செய்த தவறுக்குப் பாவம் குறையும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றே விரும்பி வைத்துக்கொண்ட அறியாமை பாவத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தனி மனிதனுக்கு வகுத்தது. மில்லிகின் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஐம்பது லட்சம் என்ற வரம்பு அவருக்காகக் கண்ணை மூடிக்கொண்டது. அறியாமையை அலுவலக நடைமுறையாகவே மாற்றிவைக்கும் வித்தை கம்பெனிக்கு மட்டுமே கைவந்தது. ஏணி வைத்த சட்டம், ஏறுகிறவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டது.

2014 ஜூனில் 15 பேர் வேலையிழந்தார்கள்; அதில் வக்கீல்களும் இருந்தார்கள். ஜூலையில் அமெரிக்க செனட் விசாரணையில், மில்லிகினை ஏன் இன்னும் வேலையை விட்டு நீக்கவில்லை என்று செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் கேட்டார். தலைவர் மேரி பாரா அவரை விட்டுக்கொடுக்கவில்லை. மில்லிகின் தம் துறையில் செய்த மாற்றத்தைச் சொன்னார். உயிர்ச்சேதமோ கடுமையான காயமோ உள்ள எந்த வழக்கும், தொகை எவ்வளவாக இருந்தாலும், செட்டில் செய்வதற்கு முன் அவர் பார்வைக்கு வந்தாக வேண்டும். வண்டியில் என்ன கோளாறு என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். அந்த அக்டோபரில் அவர் ஓய்வு பெறப்போவதாகக் கம்பெனி அறிவித்தது.