விலக்கிய நஞ்சை விற்பது அறமா?

2025 மார்ச்சில் பாரிஸ் மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல, கரீபியனில் பிரான்சின் ஆட்சியிலுள்ள மார்டினிக், குவாதலூப் தீவுகளின் தோட்டங்களில் குளோர்டெகோன் என்னும் நஞ்சை அனுமதித்தது பிரெஞ்சு அரசின் தவறு. நஞ்சு உடலில் ஏறிவிட்டதே என்ற அச்சத்தோடு வாழ்வதை மெய்ப்பிப்போருக்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்றது. 1990இல் பிரான்ஸ் தடைசெய்த மருந்து அது. தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு இருந்தது. இன்று அங்குள்ள பெரியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் அது கலந்திருக்கிறது. அதே மருந்து கேமரூன், ஐவரி கோஸ்ட் வாழைத் தோட்டங்களுக்கும் போனது. தீவுவாசி பிரெஞ்சுக் குடிமகன். அதனால் நீதிமன்றப் படி ஏறினான். கேமரூன் தொழிலாளி எந்தப் படி ஏறுவான்?

தன் மக்களுக்கு ஆகாது என்று ஒரு நாடு விலக்கிய நஞ்சைப் பிறர் மண்ணுக்கு விற்கலாமா என்பதே கேள்வி. கூடாது என்பதே விடை.

கேமரூனின் மூங்கோ வட்டாரம் எரிமலை மண். அங்கே நிஜோம்பே–பென்ஜாவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் கேவண்டிஷ் வாழை. அவற்றில் பெரும்பகுதி மார்செய் நகரத்து கொம்பாஞி ஃப்ருயித்தியேர் குழுமத்துக்கு உரியது; ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் அதற்குத் தோட்டங்கள் உண்டு. தாருக்கு நீல உறை மாட்டி வளர்க்கிறார்கள். காயாகவே வெட்டி, தோளில் மெத்தை வைத்துச் சுமந்து, தொட்டித் தண்ணீரில் பால் போகக் கழுவி, சீப்புச் சீப்பாகப் பெட்டியில் அடுக்குகிறார்கள். குளிரூட்டிய கப்பலில் காய் தூங்கியபடியே ஐரோப்பா போய்ச் சேர்ந்து அங்கே பழுக்கிறது. மறுவற்ற அந்தத் தோலுக்காகவே தோட்டம் ஓயாமல் மருந்து கேட்கிறது. சிகடோகா இலைப்புள்ளி நோய் மழைநாட்டில் விடாது பரவும். விமானம் தாழப் பறந்து மருந்து தெளிக்கும். ஐரோப்பிய ஒன்றியமோ விமானத் தெளிப்பை, சில விலக்குகள் தவிர, 2009இலேயே தன் மண்ணில் தடுத்துவிட்டது. இந்த நோய்க்கு உலகெங்கும் வழக்கமான மான்கோசெப் மருந்துக்கும் 2020 இறுதியில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கருவுக்கும் நாளமில்லாச் சுரப்பிகளுக்கும் கேடு என்பது காரணம். ஐரோப்பியக் கருவைக் கெடுப்பது ஆப்பிரிக்கக் கருவை வாழ்விக்குமா?

வள்ளுவர் இன்னா செய்யாமை அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார்: தன் உயிருக்குத் துன்பம் எது என்று அறிந்தவன், அதையே பிற உயிருக்கு எப்படிச் செய்கிறான்? அறியாமல் செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு. சோதித்துப் பார்த்து, கேடு என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு விற்பவனுக்கு அது இல்லை. நடுவுநிலைமை அதிகாரமோ, பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகம் என்கிறது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார். பெரியபுராணத்து மனுநீதிச் சோழன் வாய் பேசாத கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தான் ஆராயாமல் செய்த பிழைக்கு உயிரையே கொடுத்தான். இவற்றையெல்லாம் படித்தவர்கள் இந்தக் கேள்வியில் தயங்கலாகாது.

சட்டமும் இந்த அறத்தைத் தொட்டுப் பார்த்தது. ஒன்றியம் தடைசெய்த பூச்சிக்கொல்லிகளை ஏற்றுமதிக்காகத் தயாரிப்பதை 2022 முதல் நிறுத்த பிரான்ஸ் 2018இல் சட்டம் இயற்றியது. உற்பத்தியாளர்கள் தங்கள் தொழில் உரிமை பறிபோவதாக வழக்காடினார்கள். வெளிநாட்டில் விளையும் கேட்டையும் கணக்கில் கொள்ளச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அரசியலமைப்பு மன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்தில் ஓட்டை இருந்தது. தடைசெய்த பொருள் கலந்த மருந்தைத்தான் ஏற்றக்கூடாது; அந்தப் பொருளைத் தனியாக ஏற்றலாம். 2022இலும் ஏற்றுமதி தொடர்ந்தது. சட்டம் விட்ட சந்து வழியே போவது குற்றமில்லாமல் இருக்கலாம், பாவமில்லாமல் ஆகாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கே தோட்டமே சோறு. அரசுக்கு அடுத்தபடி அதிகம் பேருக்கு வேலை தந்த கேமரூன் வளர்ச்சிக் கழகத்தின் வாழைத் தோட்டங்கள் 2018இல் ஆயுத மோதலால் முடங்கியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூலியின்றித் தவித்தன. இது உண்மை. ஆனால் வேலை கொடுத்தவனுக்கு நஞ்சும் கொடுக்கும் உரிமை வந்துவிடாது. பசியைக் காட்டிப் பெறும் சம்மதம் சம்மதமே அல்ல.

பள்ளி கட்டினோம், கிணறு வெட்டினோம் என்று நிறுவனங்கள் சொல்வதும் உண்டு. மறுமைப் பயன் கருதி அறத்தை விற்கும் வணிகன் அல்லன் வள்ளல் ஆய் என்று புலவர் முடமோசியார் புறநானூற்றில் பாராட்டினார். இன்றைய வணிகர் மறுமைக்குக்கூடக் காத்திருப்பதில்லை. ஆண்டறிக்கையிலேயே பயனை எழுதிக்கொள்கிறார்கள். தெளிக்கும் மருந்தை நிறுத்துங்கள். கிணறு பிறகு வெட்டலாம். ஐரோப்பியத் துறைமுகத்தில் பழத்தில் எஞ்சிய நஞ்சை அளக்கிறார்கள். அது உண்பவரைக் காக்கும் சோதனை. தெளித்தவர் மூச்சில் போனதை எந்தத் துறைமுகமும் அளப்பதில்லை.

இதை ஐரோப்பாவின் பாவம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. மான்கோசெப்பைப் பெருமளவில் தயாரித்து உலகுக்கு விற்பவற்றில் இந்திய நிறுவனங்களும் உண்டு. ஆகவே வள்ளுவர் கேட்ட கேள்வி நம் வாசலுக்கும் வருகிறது. தன் வீட்டுக் குழந்தை மேல் படக்கூடாத மருந்தை எந்த நாட்டுக் குழந்தை மேலும் படவிடாதே என்று ஒவ்வோர் அரசும் சட்டம் செய்யட்டும். அதைச் செய்யச் சொல்லி நாமும் நம் அரசைக் கேட்போம்.