மீனுக்கு நாம் கொடுத்த புற்று

மரபணு மாற்றிய மீன் என்றதும் "இயற்கையில் கைவைக்கலாமா?" என்று பலர் பதறுகிறார்கள். அம்மைக்குத் தடுப்பூசி வந்த காலத்திலும் இதே பதற்றம்தான் இருந்தது. இதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நமக்காக மீனுக்கு நோயும் வலியும் தருவது நியாயமா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜியுவான் கோங் குழுவினர் வரிக்குதிரை மீனை வைத்துக் கல்லீரல் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். கங்கைப் பகுதி ஓடைகளிலும் வயல் நீரிலும் திரியும் பொடிமீன் அது. வேறொரு மீனினத்தின் புற்றுத்தூண்டி மரபணுவை அதற்குள் சேர்த்தார்கள். தொட்டித் தண்ணீரில் டாக்ஸிசைக்ளின் மருந்தைக் கலந்தால்தான் அந்த மரபணு விழிக்கும். அதுவும் கல்லீரலில் மட்டும். சில வாரங்களில் மீனின் வயிறு உப்புகிறது, உள்ளே கட்டி. மருந்தை நிறுத்தியதும் கட்டி சுருங்குகிறது. 2012இல் வெளியான இந்த முடிவு சாதாரணமானதல்ல. அந்த ஒரு தூண்டுதலை அணைத்தாலே கட்டி பின்வாங்கும் என்பதை உயிருள்ள உடலிலேயே பார்த்துவிட்டார்கள். கல்லீரல் புற்று பெண்களைவிட ஆண்களை ஏன் அதிகம் தாக்குகிறது என்பதற்கும் இதே ஆய்வகத்தின் மீன்கள் சில தடயங்களைக் கொடுத்தன.

"மீன்தானே, அதற்கு என்ன தெரியும்?" என்பது சோம்பேறித்தனமான பதில். 2003இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் இரையைத் தொடவில்லை, மூச்சு வேகமெடுத்தது, அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வலிநிவாரணியான மார்பின் கொடுத்தபோது அந்தத் தவிப்பு குறைந்தது. வாயில்லாத உயிர் என்பதால் அது வலியில்லாத உயிராகிவிடாது.

எல்லா உயிரும் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை என்று நம்புகிறவருக்கு இதில் சிக்கலே இல்லை. அனுமதி மேலிருந்து வந்துவிட்டது என்று அவர் இருந்துவிடலாம். பகுத்தறிவாளருக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு இருப்பது வலிமை மட்டும்தான், உரிமை அல்ல. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லியாக வேண்டும். தட்டில் வளர்த்த செல்லிலேயே இதை அறிய முடியாதா? இத்தனை மீன்கள் வேண்டுமா? மீன் துடிக்கத் தொடங்கும் முன்பே மயக்க மருந்தில் முடித்துவிடுகிறார்களா? இவற்றுக்கு நேர்மையான பதில் இருந்தால் ஆய்வு நடக்கட்டும். நோயில் படுத்திருப்பவருக்கு மருந்து வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தெரிந்த அறிவை நாம் என்ன செய்தோம்? கல்லீரல் புற்றுக்கு வழிவிடுபவை எவை என்பது ரகசியமல்ல: ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள், மது, பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் ஊறும் அஃப்ளடாக்சின் நஞ்சு. தைவான் 1984இல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்று கண்கூடாகக் குறைந்தது. தடுக்கத் தெரிந்த நோயைத் தடுக்காமல் விட்டுவிட்டு, மருந்து தேடுகிறோம் என்று மீனின் வயிற்றில் கட்டி வளர்ப்பது அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்வது ஆய்வகம் அல்ல, நாம்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று மருத்துவமனையில் கேளுங்கள். போடவில்லை என்றால் போடச் சொல்லுங்கள்.