காணாமல் போவது பற்றி

ஒரு கவியின் வாழ்க்கை வாசகனுக்கு வேண்டுமா, வேண்டாமா? பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. வேண்டாம், கவிதை போதும். கவிஞனை விட்டுவிட்டுக் கவிதையைப் பார் என்கிற ரீதியில் எலியட் 1919-ல் எழுதியதை உருப்போட்டு, அதையே விமர்சன மூலதனமாக வைத்துக் காலம் தள்ளியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தப் பதில் கசக்கிறது.

செங்கோட்டை ஆவுடை அக்காளைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். பால்ய விதவை. திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாளிடம் உபதேசம் பெற்றவள் என்பது மரபு. அய்யாவாள் தஞ்சை மராட்டிய அரசர் சகஜியின் (1684–1712) காலத்தவர் என்பதால் அக்காளின் காலத்தையும் ஏறக்குறைய முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் வைக்கிறோம். கும்மி, அம்மானை, பள்ளு, கண்ணி என்று பெண்கள் கைவேலையோடு பாடக்கூடிய உருவங்களில் அத்வைதத்தைப் பாடினாள். பண்டிதத் தமிழ் அல்ல, அடுக்களைத் தமிழ். தீட்டு, மடி, எச்சில் என்று எந்தச் சொற்களால் அவளை ஒதுக்கினார்களோ அந்தச் சொற்களையே எடுத்து வைத்துக்கொண்டு விசாரம் செய்தாள். திருநெல்வேலிச் சீமையின் அக்ரஹாரங்களில், முக்கியமாக விதவைகள், இந்தப் பாட்டுகளை வாயிலும் நோட்டுப் புத்தகத்திலுமாகக் காப்பாற்றி வந்தார்கள். 2002-ல் திருக்கோவிலூர் தபோவனத்தார் அவற்றைத் திரட்டிப் புத்தகமாக்கினார்கள். அவள் முடிவு? ஓர் ஆடி அமாவாசையன்று குற்றாலத்து மலைமேல் போனாள், திரும்பவில்லை என்கிறார்கள்.

இந்த முடிவு நமக்குப் புதிதல்ல. ஆண்டாள் ஸ்ரீரங்கத்துக் கர்ப்பக்கிருகத்தில் மறைந்தாள். மீரா துவாரகையில். அக்கமகாதேவி ஸ்ரீசைலத்துக் கதலி வனத்தில். ஒரு பெண் கவியின் பிரேதத்தைத் தூக்க நம் மரபுக்கு மனமில்லை போலும். ஜோதியில் கலந்தாள் என்று சொல்லிவிட்டால் யாரும் தீட்டுக் காக்க வேண்டாம்; கடைசி நாட்களில் அவளுக்குச் சோறு போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவும் வேண்டாம். நான் தினமும் பஸ் ஏறி வங்கிக்குப் போவது ஆண்டாள் மறைந்த ஊரிலிருந்துதான். ரொம்ப நாள் இந்தக் கதைகளை அழகு என்றே நினைத்திருந்தேன்.

நேர் எதிரான ஒரு கேஸும் உண்டு. மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் குவியலில் கிறிஸ்டா வுல்ஃபின் சிறிய நாவல் ஒன்று ஆங்கிலத்தில் கிடைத்தது. மூலம் 1979-ல் வந்தது. அதன் மூலமாகத்தான் கரோலினெ ஃபான் குண்டரோட என்ற ஜெர்மன் கவியின் பெயர் எனக்கு எட்டியது. (எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆங்கிலத்தின் ஜன்னல் வழியாகத்தான் எல்லாம்.) 1780-ல் பிறந்தவள். நல்ல குலம், பணமில்லை. பதினேழு வயதில் பிராங்க்ஃபர்ட்டில் கல்யாணமாகாத உயர்குலப் பெண்களுக்கான மடம் போன்ற ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். 1804-ல் முதல் புத்தகம் ‘தியான்’ என்ற புனைபெயரில் வெளியாயிற்று. கிராய்ஸர் என்ற ஹைடல்பர்க் பேராசிரியர் மேல் காதல்; அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அவர் உறவை முறித்துக்கொண்ட செய்தி வந்ததும், 1806 ஜூலை 26 அன்று ரைன் நதிக்கரையில் விங்கெல் என்ற ஊரில் கத்தியால் குத்திக்கொண்டு இறந்தாள். அச்சுக்குத் தயாராக இருந்த கடைசித் தொகுப்பைக் கிராய்ஸர் வெளிவராமல் நிறுத்திவிட்டார். அது வெளியானது 1906-ல், நூறு வருஷம் கழித்து. அதற்குள் சிநேகிதி பெட்டினா, கடிதங்களைத் தன் இஷ்டப்படி திருத்தி, 1840-லேயே அவளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டாயிற்று. கவிதைக்கு முன்னால் வாழ்க்கை வந்துவிட்டது. 1804-ன் புத்தகத்தை 1806-ன் கத்தியை வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். இவள் காணாமல் போகவில்லை. அளவுக்கு மீறிக் காணப்பட்டாள். அதனால் அவள் கவிதை ஒன்றும் அதிகமாக வாசிக்கப்பட்டுவிடவில்லை.

அப்படியானால் எலியட்தான் சரி என்று இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் அவளுடைய கல்லறை என்னை நிறுத்தவிடவில்லை. தன் கல்லறைக்கென்று அவள் எடுத்து வைத்த வரிகள், பஞ்சபூதங்களை உறவுமுறை சொல்லி அழைத்து விடைபெறும் பர்த்ருஹரி சுலோகத்தை ஹெர்டர் ஜெர்மனில் ஆக்கியவை. பர்த்ருஹரி ஐரோப்பாவுக்குப் போனது நம் பழவேற்காட்டிலிருந்து. அங்கிருந்த டச்சுப் பாதிரி ஆபிரகாம் ரோஜருக்குப் பத்மநாபன் என்ற பிராமணர் பொருள் சொன்னார். ரோஜரின் புத்தகம் 1651-ல் லெய்டனில் அச்சாயிற்று. அந்தப் பத்மநாபன் கவியல்ல, பெரிய பண்டிதராகப் பிரசித்தமானவரும் அல்ல. இருந்தும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. காரணம் மிக எளியது: ஒருவர் அவரை உட்காரவைத்துக் கேட்டார், கேட்டதை எழுதிக்கொண்டார். அக்காளுக்கு வாழ்க்கை இல்லாமல் போனது ஞானத்தால் அல்ல. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அப்பாவின் அத்தை கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவள், பதின்மூன்று வயதில் விதவையானவள். குடும்பம் ஸ்ரீரங்கத்துக்குப் பெயர்ந்தபோது கூடவே வந்து, உத்தர வீதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டில், நார்மடிப் புடவையில், தொண்ணூறு வயதுவரை இருந்தாள். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தால் பாடுவாள். ஒருதரம் யார் பாட்டு என்று கேட்டேன். “அக்கா பாட்டுடா” என்றாள். அவளுடைய உடன்பிறந்த அக்கா கட்டியது என்று நினைத்துக்கொண்டேன். மேலே கேட்கத் தோன்றவில்லை. 2006-ல் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம் வீடு மாறியபோது, அவள் தகரப் பெட்டியிலிருந்த நோட்டுகள் இரண்டைப் பழைய செய்தித்தாள்களோடு கட்டி சைக்கிளில் கொண்டுபோய் எடைக்குப் போட்டவன் நான். வந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து சில்வியா ப்ளாத் தொகுப்பு ஒன்று வாங்கினேன். வாழ்க்கை வேண்டாம், கவிதை போதும் என்று பேசிய அந்த நாட்களில்தான் ப்ளாத்தின் சாவு 1963 பிப்ரவரி 11 என்பதுவரை எனக்கு மனப்பாடம். எலியட்டின் கொள்கை பின்கட்டுக்கு மட்டும் பொருந்தியிருக்கிறது.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. யாருடையது என்று தெரியாத தொகையை அதில் போட்டுவைப்போம். யாருடையது என்று கண்டுபிடிக்கும்வரை அது தலைவலி. தொகை சிறியதா பெரியதா என்பது பிரச்னையே இல்லை. 2002 திரட்டைச் சில வருஷங்களுக்கு முன்புதான் வாங்கினேன். அத்தைப்பாட்டி பாடியதில் பல பாட்டுகள் அதில் இருக்கின்றன. அரைக்கிற மாவு முதலில் தீருமா, அரைக்கிற கல் முதலில் தேயுமா என்று கேட்கும் ஒரு கும்மியை மட்டும் இன்னும் காணோம். பாடபேதமாக இருக்கலாம். வேறொரு ஊர்க்காரி சேர்த்ததாக இருக்கலாம். அவளே கட்டியதாகவும் இருக்கலாம். முந்நூறு வருஷமாக வாய் மாறி வந்த பாட்டில் யார் எந்த அடியைச் சேர்த்தார்கள் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நோட்டு இருந்திருந்தால் அவள் கையெழுத்தில் ஓர் அடித்தல் திருத்தலாவது பார்த்திருக்கலாம்.

அப்பாவைக் கேட்டேன். “அவளுக்கென்னடா பாட்டுக் கட்டத் தெரியும்?” என்றார். நினைவிலிருக்கும் மூன்று அடிகளை டைரியின் பின்பக்கத்தில் எழுதிக் கீழே அவள் பெயரைப் போடப் போனேன். எங்கள் எல்லோருக்கும் அவள் அத்தைப்பாட்டி. மறுபடி அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவரும் சற்று யோசித்துத்தான் சொன்னார்.