சொந்தக் கணினியில் ஒரு விக்கி

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் அதைத் தன் மடிக்கணினியில் இறக்கி, டாக்கர் (Docker) என்னும் கருவி வழியே, எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு நிறுவிக்கொள்ளலாம். உலாவியில் localhost:8080 என்று தட்டினால் அவருக்கே உரிய விக்கி வந்து நிற்கும். அங்கே எதை உடைத்தாலும் எந்த வாசகருக்கும் இடைஞ்சல் இல்லை. அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம். கற்பவருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் எனக்குத் தெரியவில்லை.

வழியில் தடங்கல் வரும். கோப்பு அனுமதி இடிக்கும், அல்லது 8080 போர்ட்டை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கும். பிழைச்செய்தியைக் கடைசி வரிவரை படியுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நிறுவல் குறிப்பில் அந்த விவரம் விடுபட்டிருந்தால், அதைச் சேர்த்து அனுப்புவதே மீடியாவிக்கிக்கு உங்கள் முதல் பங்களிப்பு ஆகலாம்.